மருந்துக் கரைசலும் அதனை ஏந்தும் கலமும்

நோயாளியின் இரத்த நாளத்தில் சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்தைப் பற்றி வினவுவோர் உண்டு. அம்மருந்தைத் தாங்கித் தொங்கும் பையைப் பற்றி வினவுவோர் அரியர். கரைசலை ஏந்தி நிற்பதோடு பையின் வேலை முடிந்துவிடுகிறதென்றே பலரும் கருதுகின்றனர். புற்றுநோய் மருந்துகள் சிலவற்றைப் பொறுத்தவரை இக்கருத்து அபாயகரமானது.

பாக்லிடாக்ஸல் என்னும் மருந்தை எடுத்துக்கொள்வோம். 1962-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் காட்டில் சேகரிக்கப்பட்ட யூ மரப்பட்டையில் இதன் வரலாறு தொடங்குகிறது. 1971-இல் இதன் மூலக்கூறு அமைப்பை வெளியிட்ட குழுவில் மன்றோ வால் என்பவரும், மகாராஷ்டிரத்தில் பிறந்த மன்சுக் வானியும் இருந்தனர். 1992-இல் அந்நாட்டில் சூலகப் புற்றுநோய்க்கு இம்மருந்து அனுமதிக்கப்பட்டது.

பாக்லிடாக்ஸல் நீரில் கரைவது மிக அரிது. ஆதலால், எதிலீன் ஆக்ஸைடுடன் வினைப்படுத்திய ஆமணக்கெண்ணெயிலும் எத்தில் ஆல்கஹாலிலும் அதனைக் கரைத்துவைக்கின்றனர். முற்காலத்தில் நம் வீடுகளில் பேதிக்கு அளித்த அதே ஆமணக்கெண்ணெய்தான்! செலுத்துமுன் உப்புநீரிலோ டெக்ஸ்ட்ரோஸ் நீரிலோ இதனைக் கலந்து, மில்லிலிட்டருக்கு 0.3 முதல் 1.2 மில்லிகிராம் வரை இருக்குமாறு நீர்க்கச் செய்வர்.

இங்கேதான் பை குறுக்கிடுகிறது. பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் இயல்பில் விறைப்பானது. மருத்துவப் பைகள் வளைந்து கொடுப்பதற்காக டி.இ.எச்.பி. என்னும் எண்ணெய் போன்ற பொருளை அதில் சேர்க்கின்றனர். எடையில் 40 சதவிகிதம் வரைகூட அது இருக்கலாம். பிளாஸ்டிக்குடன் அது இரசாயனப் பிணைப்பு கொள்வதில்லை. இடையே தங்கியிருக்கிறது, அவ்வளவே. வெறும் உப்புநீர் அதனை அதிகம் வெளியே இழுப்பதில்லை. ஆமணக்கெண்ணெய்க் கரைப்பானோ, சோப்பு எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பது போல, அதனை இழுத்துக் கரைசலில் சேர்த்துவிடுகிறது. குற்றம் மருந்தினுடையதன்று, கரைப்பானுடையதே. செறிவும் நேரமும் மிகுந்தால் கசிவும் மிகும். விலங்குச் சோதனைகளில், ஆண் குட்டிகளின் இனப்பெருக்க உறுப்புகளின் வளர்ச்சியை டி.இ.எச்.பி. பாதித்துள்ளது.

ஆகவே கண்ணாடிப் புட்டி, பாலிப்ரொப்பிலீன் புட்டி, பாலியோலிஃபின் பை ஆகியவையே இதற்கு ஏற்றவை. பையை மட்டும் மாற்றி, பழைய பி.வி.சி. குழாயையே பொருத்தினால் பயனில்லை. குழாயின் உட்புறம் பாலிஎதிலீன் பூச்சுடையதாக இருத்தல் வேண்டும். நீர்த்த கரைசல் அறை வெப்பத்தில் 27 மணி நேரம் வரை நிலைத்திருக்கும். எனினும் படிவு தோன்றக்கூடுமாதலின், 0.22 மைக்ரானுக்கு மேற்படாத துளையுள்ள வடிகட்டியின் வழியாகவே செலுத்துவர். ஆல்புமின் புரதத்துடன் பிணைத்த பாக்லிடாக்ஸலுக்கு, ஆமணக்கெண்ணெய்க் கரைப்பான் இல்லாமையால், இந்தப் பைக்கட்டுப்பாடு இல்லை. பெயர் ஒன்றாயிருப்பதால் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

கார்முஸ்டின் என்னும் மருந்தில் நிகழ்வது இதற்கு நேர்மாறு. அங்கே பை எதனையும் கரைசலுக்கு அளிப்பதில்லை, மருந்தே பி.வி.சி. சுவருக்குள் புகுந்துவிடுகிறது. மருத்துவர் குறித்த அளவு பையில் இருப்பதாகத் தோன்றும். நோயாளிக்குச் சேர்வதோ குறைவு. ஸிஸ்பிளாட்டினுக்கும் ஆக்ஸாலிபிளாட்டினுக்கும் பையைவிடக் கலக்கும் நீரே முக்கியம்: முன்னதற்கு உப்புநீரின் குளோரைடு வேண்டும், பின்னதை அதே குளோரைடு சிதைத்துவிடும். இவ்விரண்டிற்கும் அலுமினியப் பாகமுள்ள ஊசிகளைப் பயன்படுத்தலாகாது.