ஐந்து மணிக்கு மேல் எங்கே போவது?

டீ வரட்டும். அதற்குள் கேள்வியைச் சரியாகப் பிடித்துக்கொள்வோம். விழுப்புரத்தில் ரிடையர் ஆனவர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஐந்து பக்கம் ரயில் பிரியும் ஜங்ஷன். அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் தலைமையிடம். 1993-ல் தனி மாவட்டமானதிலிருந்து கலெக்டர் ஆபீஸும் அதைச் சுற்றி ஏகப்பட்ட அலுவலகங்களும். கார்டாகவோ, கண்டக்டராகவோ, வாத்தியாராகவோ முப்பது வருஷம் ஓடிய மனிதரை அறுபது வயதில் ஒரு மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கொஞ்ச நாள் தூக்கம், டி.வி., பேங்க், கல்யாண வீடு என்று போகும். அப்புறம் டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்து, "பொழுது போகலை சார், பேச ஆளில்லை, முட்டி வேற பிடிச்சுக்குது" என்பார். "ஏதாவது சேவை பண்ணலாமா?" என்று கூடவே கேட்பார்.

பண்ணலாம். எந்த மாதிரி சேவை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நம்ம மாவட்டத்திலேயே ஆரம்பித்த ஒன்றைச் சொல்கிறேன். கொரோனாவில் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்ததால் பிள்ளைகள் எழுத்தை மறந்திருந்த நேரம். 2021 அக்டோபர் 27-ஆம் தேதி, மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தை முதல்வர் தொடங்கிவைத்தார். ஏற்பாடு ரொம்ப எளிது. தெருவிலேயே இருக்கும் ஒருவர் தன்னார்வலர். அவருக்கு ஏறக்குறைய இருபது பிள்ளைகள். சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழுக்குள் வகுப்பு. இடம் திண்ணையோ, கோயில் மண்டபமோ, அங்கன்வாடியோ எதுவானாலும் சரி. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. மாநிலம் முழுக்க ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். ஆயிரம் ரூபாய்க்காக மட்டும் இத்தனை பேர் வந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. காலப்போக்கில் திட்டம் சுருங்கிவிட்டது. ஆனால் அந்த அமைப்பைக் கவனிக்க வேண்டும். நடந்து போகிற தூரம், தினமும் ஒரே நேரம், போகாவிட்டால் "ஏன் டீச்சர் நேத்து வரலை?" என்று கேட்க ஒரு குழந்தை. கடைசியில் சொன்னதுதான் முக்கியம். நாம் வராததை யாராவது கவனிக்கிற இடத்தில்தான் பழக்கம் வளரும். பழக வேண்டும் என்றே கிளம்பிப் போனால் இரண்டு நாள் பேச்சு ஓடும், மூன்றாம் நாள் பேச விஷயம் இருக்காது. கையில் வேலை இருந்தால் பேச்சு தானாக வரும்.

இதை அமெரிக்காக்காரர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள். பால்டிமோர் நகரத்தில் அறுபது வயதைத் தாண்டியவர்களை வாரம் பதினைந்து மணி நேரம் ஆரம்பப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு உதவ அனுப்பினார்கள். லிண்டா ஃபிரைடு என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் 2004-ல் வெளியிட்ட முடிவில், அப்படிப் போனவர்களுக்கு நடமாட்டம் கூடியிருந்தது, டி.வி. பார்ப்பது குறைந்திருந்தது. ஆத்திர அவசரத்துக்குக் கூப்பிடலாம் என்று அவர்கள் நம்பும் ஆட்களின் எண்ணிக்கையும் உயர்ந்திருந்தது. பதினைந்து மணி நேரமா என்று மலைக்க வேண்டாம். ஐம்பது வயது கடந்த சுமார் 13,000 பேரை வைத்து அமெரிக்காவிலேயே நடந்த இன்னொரு ஆய்வு 2020-ல் வந்தது. வருஷத்துக்கு நூறு மணி நேரம், அதாவது வாரத்துக்கு இரண்டு மணி நேரம் சேவை செய்தவர்களுக்கு, ஒன்றும் செய்யாதவர்களைவிட இறப்பு அபாயம் குறைவாக இருந்தது, அன்றாட நடமாட்டத்தில் சிக்கல்களும் குறைவு. அதே ஆய்வில் சர்க்கரை, பக்கவாதம் போன்ற நோய்களில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே பி.பி. மாத்திரையை நிறுத்திவிட்டுச் சேவைக்குக் கிளம்பிவிடாதீர்கள். உடம்பு நன்றாக இருப்பவர்தான் வெளியே வருகிறார் என்ற சந்தேகமும் நியாயமானது. அதையும் கணக்கில் எடுத்துத்தான் பார்த்ததாகச் சொல்கிறார்கள்.

பாடம் சொல்லிக் கொடுப்பது பிடிக்கும் என்றால் இன்றைக்கும் இடம் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் அன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் எழுத்தறிவு 72 சதவீதத்தைத் தொடவில்லை. மாநில சராசரி 80. பதினைந்து வயதுக்கு மேற்பட்டும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக 2022 முதல் 2027 வரைக்கும் என்று வகுத்த 'புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம்' தன்னார்வலர்களை நம்பியே நடக்கிறது. பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கேட்டால் விவரம் கிடைக்கும்.

வாத்தியார் வேலை ஒத்துவராதா? உடம்பு அசைய வேண்டும் என்றால் உழவாரப் பணியை மிஞ்ச ஒன்றுமில்லை. அதற்கு இந்த வட்டாரமே தாய்வீடு. உழவாரத்தைக் கையில் பிடித்த அப்பர் பிறந்த திருவாமூர் பண்ருட்டிப் பக்கம்தான். அவருக்கு முன்பே திருவதிகைக் கோயிலில் தினமும் கூட்டி மெழுகியவர் அவருடைய அக்கா திலகவதியார். அந்த அம்மாவைப் பற்றி நாம் குறைவாகத்தான் பேசுகிறோம். விழுப்புரத்தை ஒட்டித் திருவாமாத்தூர், வானூர் பக்கம் திருவக்கரை, திண்டிவனத்தில் திந்திரிணீஸ்வரர் என்று பழைய சிவன் கோயில்களுக்குக் குறைவில்லை. உழவாரக் குழுக்கள் பல ஊர்களில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகின்றன. புல் செதுக்குவது, பிரகாரம் கூட்டுவது, எண்ணெய்ப் பிசுக்கேறிய விளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பது என்று வேலை. முட்டி வலிக்காரர் விளக்கைத் தேய்க்கலாம், குனிய வேண்டியதில்லை. கோயில் அலுவலகத்தில் சொல்லிவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும். கல்வெட்டு மேல் சுண்ணாம்போ பெயிண்டோ பூசினால் ஆயிரம் வருஷத்து எழுத்து போய்விடும். பக்தி மிகுந்து கெடுத்த கோயில்கள் நிறைய உண்டு.

திண்டிவனத்துக்காரர் என்றால் இன்னொரு வழி. அங்கே அரசுக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த கல்யாணி, பிரபா கல்விமணி என்றால் ஊருக்கே தெரியும், பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியவர். 'ஜெய் பீம்' படம் வந்தபோது வெளியூர்க்காரர்களும் அவர் பெயரைக் கேள்விப்பட்டார்கள். அவருடைய அளவுக்கு எல்லாராலும் முடியாது. ஆனால் இருளர் குடும்பத்துப் பிள்ளைக்குச் சாதிச் சான்று வேண்டும் என்றால், அந்த எஸ்.டி. சான்றைக் கொடுப்பவர் தாசில்தார் இல்லை, கோட்டாட்சியர். ரேஷன் கார்டு ஒரு இடம், மனைப் பட்டா ஒரு இடம். எந்த ஜன்னலில் எந்தத் தாள் கேட்பார்கள் என்பது முப்பது வருஷம் ஜன்னலுக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்த உங்களுக்குத் தெரியும். வாரம் ஒரு நாள் மனு எழுதிக் கொடுத்து, கூடவே நடந்து போய்வந்தாலே போதும்.

வெள்ள நிவாரணத்தைச் சொல்லவில்லையே என்பீர்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டியது. விக்கிரவாண்டி – முண்டியம்பாக்கம் பாலத்தில் தண்ணீர் ஏறி ரயில் நின்றது. அப்போது அண்டாவில் சோறாக்கிக் கொண்டுபோனவர்களைக் கும்பிட வேண்டும். ஆனால் தண்ணீர் வடிந்ததும் அந்தக் கூட்டமும் கலைந்துவிடும். கழுவேலி ஏரிப் பக்கம் போய்ப் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் சேர்வதும் அப்படித்தான், வருஷத்துக்கு நான்கு நாள். ரெண்டும் நல்ல காரியம். தினசரித் தனிமைக்கு அவை மருந்தாகாது.

ஒரு எச்சரிக்கை. நம்ம ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. நாலு பேர் சேர்ந்ததும் சங்கம், லெட்டர்பேடு, ரப்பர் ஸ்டாம்பு, அப்புறம் பொருளாளர் யார் என்று சண்டை. போன இடத்தில் முதல் வருஷம் எந்தப் பதவியும் ஏற்காதீர்கள். மேனேஜராக இருந்தவர் நாற்காலி எடுத்துப் போடக் கற்றுக்கொள்ள ஒரு வருஷமாவது ஆகும்.

எங்கே ஆரம்பிப்பது என்று இன்னும் குழப்பமாக இருந்தால் கிளை நூலகத்துக்குப் போங்கள். வாசகர் வட்டம் நடக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். நடந்தால் சேருங்கள். பெயருக்கு மட்டும் இருந்தால், நடமாட முடியாத பெரியவர்கள் தெருவில் யார் யார் என்று விசாரித்து வாரம் ஒருமுறை புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள், நூலகத்துக்கு வார விடுமுறை.