கடைப் பெயர் வேறு, கம்பெனி வேறு: ஜமைக்காவில் ஒரு தொழிலைப் பதிவு செய்வது எப்படி?

உலக வங்கி முன்பு வருஷாவருஷம் ஒரு பட்டியல் போடும். எந்த நாட்டில் தொழில் செய்வது எளிது என்று வரிசைப்படுத்தும் பட்டியல். 2020-க்கான பட்டியலில் இந்தியா மொத்தத்தில் 63-வது இடம், ஜமைக்கா 71. ஆனால் 'தொழில் தொடங்குவது' என்ற ஒரு பிரிவை மட்டும் எடுத்துப் பார்த்தால் கதை தலைகீழ். ஜமைக்கா 6-வது இடம், இந்தியா 136.

தரவுகளில் குளறுபடி நடந்தது தெரியவந்து 2021-ல் உலக வங்கி அந்தப் பட்டியலையே நிறுத்திவிட்டது. அதனால் இந்த எண்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம். இருந்தாலும் முப்பது லட்சம் பேர்கூட இல்லாத ஒரு தீவு அதில் ஆறாவது இடத்துக்கு எப்படி வந்தது என்ற கேள்வி என்னை விடவில்லை. ஜமைக்காவின் சட்டங்களையும் படிவங்களையும் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நான் வக்கீல் இல்லை, மென்பொருள் எழுதுகிறவன். ஒரு சிஸ்டத்துக்குள் தகவல் எங்கே நுழைகிறது, எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்ப்பதுதான் என் பழக்கம். இதையும் அப்படித்தான் பார்த்தேன்.

முதல் கேள்வி: கடையா, கம்பெனியா?

ஜமைக்காவில் தொழில் பதிவு எல்லாமே ஒரே இடத்தில்தான். கம்பெனீஸ் ஆஃபீஸ் ஆஃப் ஜமைக்கா என்ற அரசு அலுவலகம். தலைமையகம் கிங்ஸ்டனில். ஆனால் அந்த ஒரே அலுவலகம் இரண்டு வெவ்வேறு சட்டங்களின் கீழ் இரண்டு வெவ்வேறு வேலைகளைச் செய்கிறது. குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கும்.

ஒன்று, 1934-ம் வருஷத்து வணிகப் பெயர் பதிவுச் சட்டம். தனி ஆளாகவோ கூட்டாகவோ தொழில் செய்பவர்களுக்கு இது. உங்கள் சொந்த முழுப்பெயரிலேயே வியாபாரம் செய்தால் இந்தப் பதிவு தேவையில்லை. 'சன்ரைஸ் பேக்கரி' மாதிரி வேறு பெயர் வைத்தால் பதிவு செய்தே ஆகணும். பதிவு மூன்று வருஷம் செல்லும், பிறகு புதுப்பிக்கணும்.

இரண்டு, 2004-ம் வருஷத்து கம்பெனிச் சட்டம். இதில் பதிவு செய்தால் சட்டத்தின் கண்ணில் ஒரு புது 'ஆள்' பிறக்கிறார். கம்பெனி தன் பெயரில் சொத்து வாங்கலாம், கடன் வாங்கலாம், வழக்குப் போடலாம், அதன் மேலும் வழக்குப் போடலாம். கம்பெனி தன் முதலாளியிடமிருந்து வேறான ஆள் என்பது 1896-ல் இங்கிலாந்தின் சாலமன் வழக்கில் உறுதியான கோட்பாடு. ஆங்கிலேயச் சட்ட மரபு போன இடமெல்லாம் அதுவும் போனது. ஜமைக்காவுக்கும் போனது, நம்மிடமும் வந்தது.

நடைமுறையில் என்ன வித்தியாசம் என்கிறீர்களா? சன்ரைஸ் பேக்கரி மாவு சப்ளையருக்குப் பத்து லட்சம் டாலர் பாக்கி வைத்துவிட்டு நொடித்துப்போகிறது என்று வையுங்கள். வெறும் வணிகப் பெயர் பதிவு என்றால் பேக்கரி என்று தனியாக ஒன்று கிடையாது. அது நீங்கள்தான். சப்ளையர் உங்கள் வீட்டையும் காரையும் குறிவைத்து வரலாம். கம்பெனி என்றால் கம்பெனியிடம் இருப்பதோடு சரி. சுவரில் ஒரு சான்றிதழ் மாட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு "நாங்க ரிஜிஸ்டர்டு, எங்களுக்குப் பாதுகாப்பு உண்டு" என்று நினைப்பவர்கள் எந்தச் சட்டத்தின் சான்றிதழ் என்று பார்க்க வேண்டும்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. புதுக் கம்பெனிக்குக் கடன் கொடுக்கும் வங்கி பெரும்பாலும் இயக்குநரிடம் சொந்த உத்தரவாதம் எழுதி வாங்கிக்கொள்ளும். அந்தக் கடனைப் பொறுத்தவரை கம்பெனி என்ற சுவர் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

கம்பெனி என்றால் என்னென்ன வேண்டும்?

2004 சட்டம் பழைய முறையை நிறையவே எளிமையாக்கியது. முன்பு கம்பெனி எதற்காக என்று சொல்ல ஒரு ஆவணம், எப்படி நடக்கும் என்று சொல்ல இன்னொரு ஆவணம். இப்போது ஒரே நிறுவன விதிகள் ஆவணம் போதும். ஒருவரே தனியாகக் கம்பெனி தொடங்கலாம். இந்தியாவில் அந்த வசதி 2013 சட்டத்தோடுதான் வந்தது. தனியார் கம்பெனி என்றால் உறுப்பினர்கள் 20 பேரைத் தாண்டக்கூடாது, பங்கு வாங்கச் சொல்லிப் பொதுமக்களை அழைக்கவும் கூடாது.

கம்பெனிப் பெயரை முன்கூட்டியே தேடிப் பார்த்து, 90 நாளுக்கு ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம். ஒரு இயக்குநராவது வேண்டும், ஒரு கம்பெனி செயலாளரும் வேண்டும். ஒரே ஒரு இயக்குநர்தான் என்றால் அவரே செயலாளராகவும் இருக்க முடியாது. ஆக, 'ஒருவர் கம்பெனி' என்றாலும் காகிதத்தில் இரண்டு பெயர் இருக்கும்.

அந்த ஆறாவது இடத்தின் ரகசியம்

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். ஜமைக்காவில் தொழில் தொடங்குகிறவர் பதிவு அலுவலகத்தோடு நிறுத்த முடியாது. வரித்துறை, தேசியக் காப்பீட்டுத் திட்டம், தேசிய வீட்டுவசதி அறக்கட்டளை, ஹார்ட் என்ற தொழிற்பயிற்சி அறக்கட்டளை என்று பல இடங்களில் பெயரைப் பதிய வேண்டும். முன்பெல்லாம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் படிவம், தனித்தனி வரிசை.

2014-ல் இதையெல்லாம் சேர்த்து ஒரே படிவமாக்கினார்கள். அதன் பெயர் பி.ஆர்.எஃப்.1. மக்கள் வாயில் 'சூப்பர் ஃபார்ம்'. அதை ஒரு இடத்தில் கொடுத்தால் போதும், தகவல் உள்ளுக்குள்ளேயே மற்ற அலுவலகங்களுக்குப் போய்விடும். இந்தியாவில் 2020-ல் வந்த ஸ்பைஸ் பிளஸ் படிவமும் இதே யோசனைதான்.

இது சாத்தியமானதற்குக் காரணம் டி.ஆர்.என். எனப்படும் ஒன்பது இலக்க வரி செலுத்துவோர் எண். நம்ம பான் எண் மாதிரி. டேட்டாபேஸில் வேலை பார்த்தவர்களுக்கு உடனே புரியும். ஐந்து டேபிளையும் இணைக்க ஒரு பொதுவான சாவி ஏற்கெனவே கையில் இருந்தது. சாவி இல்லாமல் ஐந்து படிவத்தை ஒரே காகிதத்தில் அச்சடித்திருந்தால் அது நீளமான படிவமாக மட்டும்தான் இருந்திருக்கும்.

பதிவு முடிந்த மறுநாள்

தொடங்குவது எளிது, சரி. தொடர்ந்து நடத்துவதுதான் வேலை. ஒரு ஊழியரை வைத்தால் முதலாளி தன் பங்காகச் சம்பளத்துக்கு மேல் தேசியக் காப்பீட்டுக்கு 3%, வீட்டுவசதி அறக்கட்டளைக்கு 3%, கல்வி வரி 3.5%, ஹார்ட் அமைப்புக்கு 3% கட்டணும். மொத்தம் 12.5%. மாதம் 2 லட்சம் ஜமைக்க டாலர் சம்பளம் என்றால் முதலாளிக்குக் கூடுதல் செலவு கிட்டத்தட்ட 25,000 டாலர். கல்வி வரி மட்டும் காப்பீட்டுத் தொகையைக் கழித்துவிட்டுக் கணக்கிடப்படுவதால் கொஞ்சம் குறையும். இது போக ஊழியரின் பங்கையும் வருமான வரியையும் பிடித்து, எஸ்.01 என்ற ஒரே படிவத்தில் அடுத்த மாதம் 14-ம் தேதிக்குள் கட்டணும். விற்றுமுதல் வருஷத்துக்கு ஒன்றரைக் கோடி ஜமைக்க டாலரைத் தாண்டினால் நம்ம ஜி.எஸ்.டி.க்கு இணையான 15% பொது நுகர்வு வரிக்கும் பதியணும்.

கம்பெனி என்றால் வருஷாந்திர அறிக்கை தாக்கல் செய்யணும். தொடர்ந்து செய்யாமல் விட்டால் பதிவேட்டிலிருந்தே கம்பெனியை நீக்கலாம். வியாபாரம் நடக்கவில்லை, அதனால் தாக்கல் வேண்டாம் என்று இருந்துவிட முடியாது.

பதிவு எதைத் தராது என்பதையும் சொல்லிவிடணும். பெயர் பதிவு என்பது வணிகச்சின்ன உரிமை ஆகாது. அதற்கு ஜமைக்கா அறிவுசார் சொத்து அலுவலகத்தில் தனியாக விண்ணப்பிக்கணும். பதிவு என்பது தொழில் நடத்தும் உரிமமும் ஆகாது. சாப்பாட்டுக் கடை என்றால் உணவைக் கையாளுகிறவர்களுக்குச் சுகாதாரத்துறை அனுமதி வேண்டும். வெளிநாட்டுக்காரர் கம்பெனியின் பங்கு முழுவதையும் வைத்திருக்கலாம், ஆனால் அங்கே உட்கார்ந்து வேலை பார்க்க வேலை அனுமதி தனியாக வாங்கணும்.

'இந்தப் பெயருக்குப் பின்னால் யார்?'

இத்தனையும் படித்த பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. பதிவு என்பதை நாம் அனுமதி வாங்குவதாக நினைக்கிறோம். வணிகப் பெயர் பதிவின் பூர்வீகத்தைத் தேடினால் அது அனுமதியாக ஆரம்பிக்கவே இல்லை. 1916-ல், முதல் உலகப் போரின் நடுவில், பிரிட்டன் தன் வணிகப் பெயர் பதிவுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஆங்கிலப் பெயர்ப் பலகைக்குப் பின்னால் எதிரி நாட்டுக்காரர் இருக்கிறாரோ என்ற சந்தேகம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஜமைக்காவின் 1934 சட்டம் அந்த வம்சத்தில் வந்ததுதான். பிரிட்டன் 1980-களின் தொடக்கத்தில் அந்தப் பதிவேட்டைக் கைவிட்டது. ஜமைக்கா விடவில்லை.

அதே கேள்வி நூறு வருஷம் கழித்துத் திரும்பி வந்தது. பணமோசடித் தடுப்பில் குறைபாடு இருக்கிறது என்று 2020 பிப்ரவரியில் எஃப்.ஏ.டி.எஃப். என்ற சர்வதேச அமைப்பு ஜமைக்காவைச் சாம்பல் பட்டியலில் வைத்தது. கம்பெனியின் உண்மையான உரிமையாளர் யார் என்பது அதில் ஒரு முக்கியப் பிரச்சினை. 2023-ல் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தி, பங்குப் பதிவேட்டில் யார் பெயர் இருந்தாலும் கடைசியில் பலன் யாருக்கு, கட்டுப்பாடு யார் கையில் என்று சொல்லும் கடமையை இறுக்கினார்கள். 2024 ஜூனில் ஜமைக்கா அந்தப் பட்டியலிலிருந்து வெளியே வந்தது.

சாதாரண பேக்கரிக்காரருக்கு இது எதற்கு என்று கேட்கலாம். நாடு சாம்பல் பட்டியலில் இருந்தால் வெளிநாட்டு வங்கிகள் அந்த நாட்டோடு பணம் பரிமாறவே தயங்கும், கூடுதல் காகிதம் கேட்கும். மாவு இறக்குமதிக்குப் பணம் அனுப்புகிறவருக்கும், நியூயார்க்கிலிருந்து மகன் அனுப்பும் பணத்துக்குக் காத்திருக்கும் அம்மாவுக்கும் அது வந்து விடியும்.

யாராவது அங்கே தொழில் தொடங்குவதாக இருந்தால் என் ஆலோசனை இவ்வளவுதான். நஷ்டம் வந்தால் யார் சொத்து போகும் என்று முதலில் முடிவு செய்யுங்கள், கடையா கம்பெனியா என்பது அதிலேயே தெரிந்துவிடும். டி.ஆர்.என். வாங்கிவிட்டுப் படிவத்தைத் தொடுங்கள். முதல் ஊழியரை வைப்பதற்கு முன் அந்த 12.5%-ஐக் கணக்கில் சேருங்கள். விகிதங்களும் வரம்புகளும் அங்கே பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும், கையெழுத்துப் போடும் நாளில் ஒரு உள்ளூர் கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.