டிபி பளிச்சுனு தெரிய மாசாமாசம் பணம் கட்டணுமா?

எம்.கே.பி. நகர் ஸ்டுடியோவுல எடுத்த அருமையான போட்டோ, வாட்ஸ்அப் டிபியா வச்சதும் மங்கலாகுதா? உடனே 'ஹெச்டி' ஆப் தேடி ஓடாதீங்க.

வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பினாலே அதோட தரம் குறையும். வந்ததை எடுத்து டிபியா வச்சா மறுபடியும் குறையும். ஸ்டுடியோக்காரர்கிட்ட "டாக்குமெண்ட்டா அனுப்புங்கண்ணா"ன்னு கேளுங்க. முகம் நிறையுற மாதிரி சதுரமா கிராப் பண்ணி வையுங்க. ஸ்கிரீன்ஷாட் வேண்டவே வேண்டாம். செலவு? பைசா கிடையாது.

நான் இதுக்குப் பணம் கட்டினவன். '3 நாள் இலவசம்'னு ஒரு ஆப்ல யுபிஐ பின் போட்டேன். டிபி வச்ச கையோட ஆப்பை டெலீட் பண்ணிட்டேன். பணம் மட்டும் போய்க்கிட்டே இருந்துச்சு! ஆப்பை நீக்கினா சந்தா நிக்காது. பிளே ஸ்டோர்ல 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' போய் கேன்சல் பண்ணணும். யுபிஐ ஆப்ல 'ஆட்டோபே' பகுதியையும் பாருங்க.

ரிசர்வ் வங்கி விதிப்படி, இப்படிப் பணம் எடுக்க 24 மணி நேரம் முன்னாடியே தகவல் வரணும். எனக்கும் வந்திருக்கு; ஏதோ ஆஃபர் மெசேஜ்னு படிக்காம விட்டுட்டேன். முதல் தடவைக்கு அப்புறம், 15,000 ரூபாய் வரைக்கும் பின் நம்பர்கூடக் கேட்காது.

ஆட்டோபே எங்க இருக்குன்னு தெரியலையா? நம்ம சேனல் வீடியோவுல காட்டியிருக்கேன், பாருங்க.