சிறு பொருளில் ஒரு மீன்தொட்டி

விலங்கியற் கூடத்துத் தாழ்வாரத்தில், வெயில் படாத மூலையில் நிற்கும் மீன்தொட்டியைக் காண்போர், "நீரைத் தூய்மை செய்யும் கருவி எங்கே?" என்று எம்மை வினவாமற் போவதில்லை. அது தொட்டிக்குள்ளேயே இருக்கின்றது. விடுதி மாணவரும் தாமே செய்துகொள்ளுமாறு அதன் அமைப்பை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் வழக்கம் மிகப் பழையதன்று. பொன்மீனையும் நீர்ப்பூண்டையும் நத்தையையும் ஒருங்கே வைப்பின் நீர் நெடுநாள் கெடாதிருத்தலை, இலண்டன் இரசாயன நூலறிஞரான இராபர்ட் வாரிங்டன் என்பார் 1850-இல் எடுத்துக்காட்டினார். ஆயின் பூண்டை மட்டும் நம்பினால் மீன் சிலவே வாழும். பல வாழ வடிகட்டி வேண்டும். கடையில் விற்கும் நல்ல வடிகட்டியின் விலை எம் கைக்கு எட்டவில்லை. தொட்டிக்கு அடியில் வேறொரு தொட்டி வைத்துக் குழாயிடுவோமெனின், கண்ணாடியைத் துளைத்தல் வேண்டும்; மின்சாரம் நின்றபோது மேல்நீர் இறங்கித் தரை வெள்ளமாதலும் உண்டு. யாவும் ஒரே பெட்டிக்குள் அடங்கினால் அவ்விரு தொல்லையும் இல்லை.

எம் தொட்டி 75 செ.மீ. நீளமும், 30 செ.மீ. அகலமும், 35 செ.மீ. உயரமும் உடையது, கண்ணாடியின் கனம் 6 மி.மீ. நிறைந்த நீர் மட்டுமே 70 கிலோவுக்கு மேற்படுமாதலின், ஆட்டமில்லாத மேசையும், தொட்டியின் கீழ்த் தெர்மோகோல் பலகையும் இன்றியமையாதன.

வலப்புறத்தில் 17 செ.மீ. அளவை வடிகட்டிக்கென ஒதுக்கி, மூன்று தடுப்புகளால் மூன்று அறைகளாக்கினோம். முதல் தடுப்பின் மேல்விளிம்பில் சீப்புப்பல் போன்ற வெட்டுகள் உள. மீன்பகுதியின் நீர் அவற்றின் வழியே முதலறையில் விழுந்து, பஞ்சினூடே கீழிறங்கும். இரண்டாம் தடுப்பு அடித்தளத்தினின்று 3 செ.மீ. உயர்ந்து நிற்பதால், நீர் அதன் கீழே நுழைந்து இரண்டாம் அறையில் மேலேறும். அங்கே கடைகளில் விற்கும் விலையுயர்ந்த உருண்டைகளுக்குப் பதிலாக, கழுவிய மட்பாண்ட ஓட்டுத் துண்டுகளை நிரப்பினோம். உயரங் குறைந்த மூன்றாம் தடுப்பைத் தாண்டி வழியும் நீரை, கடையறையிலுள்ள சிறு பம்பு மீண்டும் மீன்பகுதிக்கு அனுப்பும். மணிக்கு 300 லிட்டர் இறைக்கும் பம்பு போதுமானது. தடுப்புகள் மூன்றும் கண்ணாடிக் கடையில் வெட்டி மிஞ்சிய துண்டுகளே.

ஒட்டும் சிலிக்கோன் பசையில் மட்டும் சிக்கனம் தகாது. குளியலறைக்கென விற்கப்படும், பூஞ்சணத்தைத் தடுக்கும் மருந்து கலந்த பசை மீனுக்கு நஞ்சாகும். மருந்து கலவாததையே கேட்டு வாங்குக. உலரும்போது எழும் காடி நெடியைக் கண்டு அஞ்ச வேண்டா; அது நீங்கிவிடும். வெளிச்சுவர்களை ஒட்டி இரண்டு நாள் கழித்தே தடுப்புகளை ஒட்டினோம். அதன்பின் ஒரு வாரம் உலரவிட்டு நீர் நிரப்பிச் சோதித்தோம். ஒரு துளியும் கசியவில்லை.

அக்களிப்பில் யாம் செய்த பிழையையும் மறைத்தல் கூடாது. மறுநாளே ஆறு கப்பி மீன்களை விட்டோம். ஒரு வாரத்துள் ஐந்து இறந்தன. நீரோ பளிங்கு போலவே தெளிந்திருந்தது! அதில் ஒரு சிறிதை எடுத்து, இரசாயனக் கூடத்தில் ஆசிரியர் முன்னிலையில் நெஸ்லர் கரைசலிட்டுப் பார்த்தபோது, அது அடர்ந்த மஞ்சளாயிற்று. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா பிறக்கின்றது. அதை நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் பஞ்சிலும் ஓட்டிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். பணத்தை எண்ணியெண்ணிச் செலவிட்ட யாம், செலவில்லாத காத்திருத்தலில் கஞ்சத்தனம் செய்தோம்.

எஞ்சிய மீனை வாளிக்கு மாற்றி நாடோறும் நீர் மாற்றி வந்தோம். வெறுந் தொட்டியில் பம்பை ஓடவிட்டு, நாளும் ஒரு சிட்டிகை மீனுணவைத் தூவினோம். ஆறாம் வாரத்தில் மஞ்சள் நிறம் தோன்றவில்லை. சின்னாட்களில் நைட்ரைட்டும் அற்றது. அதன் பின்னரே மீன்களை ஓரிரண்டாக விட்டோம். பஞ்சைக் குழாய்நீரில் கழுவினால் அதிலுள்ள குளோரின் இந்நுண்ணுயிர்களைக் கொல்லுமாதலின், தொட்டியினின்று எடுத்த நீரிலேயே அலசுகின்றோம்.

இன்னுமொரு செய்தி. ஆவியாய்ப் போகும் நீரின் குறைவு மீன்பகுதியில் தெரியாது. கடையறையில் மட்டுமே தெரியும். அங்கே நீர் வற்றினால் பம்பு காய்ந்து கெடும். ஆதலால் அவ்வறையின் கண்ணாடியில் ஒரு சிவப்புக் கோடு இட்டுள்ளோம். விடுமுறை நாட்களில் அக்கோட்டளவு நீர் ஊற்றும் பொறுப்பை விடுதிச் சமையற்காரர் ஏற்றுக்கொண்டிருக்கின்றார். மீனுக்குச் சோறு இடுவதில்லை என்று எமக்கு வாக்கும் அளித்துள்ளார்.