இரண்டு மஞ்சள் மாத்திரைகள்

மாமியாருக்கு முடக்குவாதம். வாரம் ஒரு நாள் மட்டும் மெத்தோட்ரெக்சேட் போடுகிறார். அதன் பக்கவிளைவைத் தணிக்க போலிக் அமில மாத்திரையும் உண்டு. மருமகள் இரண்டு மாதக் கர்ப்பிணி. அவருக்கும் போலிக் அமிலம்தான். எல்லாம் பிரிட்ஜ் மேல் ஒரே டப்பாவில். இரண்டு மருந்துமே பல கம்பெனிகளின் தயாரிப்பில் சின்னஞ்சிறு மஞ்சள் மாத்திரை. இப்படி ஒரு வீடு உங்கள் தெருவிலேயே இருக்கலாம். மருமகள் கைதவறி மாமியாரின் மாத்திரையைப் போட்டுவிட்டால்?

ஏன் இந்தப் பதற்றம்?

கருவின் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரப்போகும் நரம்புக்குழாய், கருத்தரித்துச் சுமார் 28 நாட்களுக்குள் மூடிக்கொள்ள வேண்டும். அதற்குப் போலிக் அமிலம் தேவை. மெத்தோட்ரெக்சேட்டோ, செல்கள் போலிக் அமிலத்தைப் பயன்படுத்த விடாமல் தடுக்கும் மருந்து. கருக்குழாயில் தங்கிவிட்ட கருவின் வளர்ச்சியை நிறுத்த மருத்துவர்கள் போடுவதும் இதைத்தான். மாறிப்போனால் கருச்சிதைவோ பிறவிக் குறைபாடோ ஏற்படக்கூடும். 'ஒரு மாத்திரைதானே' என்று விடக்கூடாத இடம் இது.

நிறமும் பெயரும்

அரசு தரும் இரும்புச்சத்து மாத்திரை கர்ப்பிணிகளுக்குச் சிவப்பு, வளரிளம் பருவத்தினருக்கு நீலம். நல்ல ஏற்பாடு. மருந்துக்கடையில் வாங்கும் மாத்திரைகளுக்கு அப்படி ஒரு நிறக்கணக்கு கிடையாது. பெயரும் ஏமாற்றும்: ஃபால்சிகோ, ஃபால்சிடாப் என்ற இரு மலேரியா மருந்துகளின் பெயர் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. மருந்துப் பெயர்களின் ஒற்றுமையை மற்ற பொருள்களைவிடக் கடுமையாகப் பார்க்க வேண்டும் என்று 2001இல் நீதிமன்றம் சொன்னது.

எனக்கு அதிகக் கவலை தருவது கத்தரித்துக் கொடுக்கும் அட்டைதான். நாலு மாத்திரை வெட்டிக் கொடுக்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் கடையிலேயே தங்கிவிடுகின்றன. கர்ப்பிணிக்கு வாங்கும்போது முழு அட்டையாகக் கேளுங்கள். மருந்துச்சீட்டில் உள்ள பெயரையும் மில்லிகிராமையும் அட்டையோடு ஒப்பிட்ட பிறகு காசு கொடுங்கள். வீட்டில் அவருக்குத் தனி டப்பா வையுங்கள்.

மாறிப் போட்டுவிட்டால்

மறைக்க வேண்டாம், யாரையும் திட்டவும் வேண்டாம். எத்தனை மாத்திரை, எந்த நேரம் என்று குறித்துக்கொண்டு அட்டையோடு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மெத்தோட்ரெக்சேட்டுக்கு மாற்றுமருந்து உண்டு. சீக்கிரம் கொடுத்தால்தான் பயன். இதைப் படித்த பயத்தில், கர்ப்பிணி வழக்கமாகப் போடும் வலிப்பு, ரத்த அழுத்த மாத்திரைகளை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சொன்னால்தான் தெரியவரும்

மசக்கைக்கும் தூக்கத்துக்கும் பாதுகாப்பானது என்று 1957இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது தாலிடோமைடு என்ற மருந்து. 1961இல் திரும்பப் பெறப்படுவதற்குள் பல நாடுகளில் பல்லாயிரம் குழந்தைகள் கைகால் குறைபாட்டோடு பிறந்துவிட்டன. அந்தத் துயரத்துக்குப் பிறகே மருந்துக் கண்காணிப்பு உலகெங்கும் முறைப்படுத்தப்பட்டது.

இந்தியாவில் 2010 முதல் அதற்கென ஒரு திட்டம் இயங்குகிறது. மருந்தால் பாதிப்பு வந்தால் மருத்துவர்தான் புகார் தர வேண்டும் என்பதில்லை. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நீங்களே சொல்லலாம். தமிழில் படிவமும் உண்டு. பேசும்போது மருந்தின் பெயரும் பேட்ச் எண்ணும் கேட்பார்கள். காலி அட்டையைக் குப்பையில் போட்டுவிடாமல் எடுத்து வையுங்கள்.