காணாமல் போகும் பிரேக் ஆயில்

கார் பானெட்டைத் திறந்தால், ஓட்டுநர் பக்கமாகச் சுவரை ஒட்டி ஒரு வட்டக் கறுப்பு டப்பா தெரியும். அதுதான் பிரேக் பூஸ்டர். அதன் முகத்தில் இரண்டு நட்டு போட்டுப் பொருத்தியிருப்பது மாஸ்டர் சிலிண்டர். அதற்கு மேல் ஆயில் குப்பி.

குப்பியில் மட்டம் இறங்கியதுமே பதற வேண்டாம். பிரேக் பேட் தேயத் தேய ஆயிலும் மெல்ல இறங்கும். பேட் புதிதாக இருந்தும், ஊற்ற ஊற்றக் குறைந்தால் எங்கோ கசிகிறது. பெரும்பாலும் சக்கரத்தின் உட்பக்கத்திலேயே பிடிபட்டுவிடும். டிரம் பிரேக் என்றால், டிரம்மைக் கழற்றி வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை லேசாக விலக்கிப் பாருங்கள். உள்ளே சொதசொதவென்று இருந்தால் சீல் போயிற்று.

நான்கு சக்கரமும் காய்ந்து கிடக்கிறது, தரையில் ஒரு சொட்டு இல்லை, ஆனாலும் ஆயில் குறைகிறது என்றால்? அனுபவசாலி மெக்கானிக் நேராக மாஸ்டர் சிலிண்டரின் பின்புறத்துக்குத்தான் போவார். அங்கிருக்கும் சீல் தேய்ந்தால் ஆயில் வெளியே சொட்டாமல் பூஸ்டருக்குள்ளேயே இறங்கும். இரண்டு நட்டையும் தளர்த்திச் சிலிண்டரைக் கொஞ்சம் முன்னால் இழுத்து, பின்பக்கம் விரலை வைத்தால் ஈரம் பிசுபிசுக்கும். சிலிண்டரின் அடியில் பூஸ்டரின் பெயின்ட் உப்பி உரிந்திருப்பதும் நல்ல தடயம். பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும். பெட்ரோல் வண்டிகள் பலவற்றில் பூஸ்டரின் ஹோஸ் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகிறது. தேங்கிய ஆயிலை அந்த வழியாக இன்ஜின் உறிஞ்சினால் சைலன்சரில் வெள்ளைப் புகை வரும். ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று இன்ஜினைப் பிரிக்கக் கிளம்புவதற்கு முன் குப்பியை ஒருமுறை பார்ப்பது பணத்துக்கு நல்லது.

பூஸ்டருக்குள் ஒரு ரப்பர் டயாஃப்ரம் உண்டு. பெடலை மிதிக்காதபோது அதன் இருபுறமும் வெற்றிடம். மிதித்ததும் பெடல் பக்கம் மட்டும் வெளிக்காற்று நுழைந்து டயாஃப்ரத்தை முன்னே தள்ளும். நம் காலின் பலம் அதனால் பெருகுகிறது. ஆயிலில் ஊறி ரப்பர் கெட்டாலோ கிழிந்தாலோ மிதிக்கும்போது காலடியில் ‘உஸ்’ஸென்று கேட்கும், பெடல் கட்டையாகிவிடும்.

இதற்கு ஒரு சோதனை உண்டு. இன்ஜினை அணைத்துவிட்டுப் பெடலை நாலைந்து முறை நன்றாக மிதியுங்கள். மிச்சமுள்ள வெற்றிடம் தீர்ந்துவிடும். பிறகு மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்று இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. அசையவே இல்லையென்றால் பூஸ்டரோ, வெற்றிடம் வரும் ஹோஸோ, அதிலுள்ள ஒருவழி வால்வோ பழுது. பூஸ்டரை மாற்றுவதற்கு முன்னால் ஹோஸைப் பாருங்கள், விலை குறைவு.

பெடல் இறங்கி நிற்காமல், காலை வைத்திருக்க வைத்திருக்க அடிவரை போய்க்கொண்டே இருந்தால் அது பூஸ்டர் கோளாறு அல்ல. எங்கோ ஆயில் கசிகிறது, இல்லையேல் மாஸ்டர் சிலிண்டருக்குள் சீல் விட்டுக்கொடுக்கிறது. அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.