கிராமத்தில் கழிவுநீர்ப் பரிகரிப்பு

மாணவர்களே, "கிராமிய மட்டத்தில் வீட்டுக் கழிவுநீரைப் பரிகரிக்கும் முறையொன்றை விளக்குக" என்று வினா வந்தால், பலர் "செப்ரிக் தாங்கி அமைத்தல்" என எழுதி நிறுத்திவிடுகின்றனர். அது பாதி விடையே ஆகும். மீதிப் பாதியை யாழ்ப்பாணக் குடாநாட்டை உதாரணமாகக் கொண்டு நோக்குவோம்.

1. தாங்கியில் நடைபெறுவது

மலசலகூடக் கழிவுநீர் தாங்கியில் ஏறத்தாழ 1 - 2 நாட்கள் தங்குகின்றது. பாரமான திண்மங்கள் அடியில் சேறாகப் படிகின்றன. எண்ணெய், கொழுப்பு என்பன மேலே மிதக்கின்றன. ஒட்சிசன் இல்லாத நிலையில் வாழும் பற்றீரியாக்கள் சேற்றின் ஒரு பகுதியைப் பிரிந்தழியச் செய்ய, மெதேன், காபனீரொட்சைட்டு முதலிய வாயுக்கள் வெளியேறுகின்றன. நடுவிலுள்ள நீர் தெளிவாகத் தோன்றினாலும் சுத்தமானதன்று. நோய்க்கிருமிகளும் அமோனியமும் அதனுடனேயே வெளியேறுகின்றன.

2. மண் செய்யும் வேலை

இந்நீர் உறிஞ்சுகுழியினூடாக மண்ணுக்குள் செல்கின்றது. மண் தடிப்பாக இருப்பின் கிருமிகள் வடிக்கப்பட்டுப் படிப்படியாக இறக்கின்றன. ஆனால் அமோனியம், ஒட்சிசனுள்ள மண்ணில் நைத்திரேற்றாக மாறுகின்றது. நைத்திரேற்று நீரில் இலகுவாகக் கரைந்து, நீர் செல்லுமிடமெல்லாம் செல்லும்.

3. குடாநாட்டின் பிரச்சினை

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறுகள் இல்லை. மக்கள் பெருமளவு கிணற்று நீரையே நம்பியுள்ளனர். பல இடங்களில் மண்படை மெல்லியது; அதன்கீழ் வெடிப்புகளும் துவாரங்களும் கொண்ட சுண்ணாம்புக்கல் உள்ளது. எனவே கழிவுநீர் போதிய வடிப்பின்றி விரைவாக நிலத்தடி நீரை அடையலாம். ஒரே வளவில் கிணறும் மலசலகூடமும் அருகருகே இருப்பின் ஆபத்து மேலும் அதிகம். விவசாய உரங்களாலும் நைத்திரேற்று சேர்கின்றது என்பதை மறவாதீர்கள்.

குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவாகும். இது மிஞ்சினால், குறிப்பாகப் புட்டிப்பால் அருந்தும் 6 மாதத்துக்குட்பட்ட குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் காவும் திறன் குறையலாம். இது "நீலக் குழந்தை நோய்" எனப்படும்.

கவனிக்க: நீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் இறக்கும், நைத்திரேற்று நீங்காது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும்.

4. சிறிய அளவிலான தீர்வு

மண் செய்யத் தவறும் வேலையை நாமே அமைக்கும் படுக்கையொன்றைக் கொண்டு செய்விக்கலாம். இதுவே நாணற்படுக்கை ஆகும். சில வீடுகள் சேர்ந்தும் இதனை அமைக்கலாம்.

• நீர் கசியாத அடித்தளமுள்ள ஆழமற்ற தொட்டியைச் சல்லிக்கற்களால் நிரப்பி நாணல், சம்பு, கல்வாழை போன்றவற்றை நடுதல்.
• தாங்கியிலிருந்து வரும் நீரைச் சல்லியினூடாக மெதுவாகச் செலுத்துதல். நீர்மட்டம் சல்லியின் மேற்பரப்புக்குக் கீழே இருப்பதால் நுளம்பு பெருகாது.
• ஒட்சிசனுள்ள இடங்களில் அமோனியம் நைத்திரேற்றாகவும், ஒட்சிசனற்ற இடங்களில் நைத்திரேற்று நைதரசன் வாயுவாகவும் மாறுகின்றது. தாவரங்களும் ஒரு பகுதியை உறிஞ்சுகின்றன.
• வெளிவரும் நீரைக் கிணற்றுக்குத் தொலைவிலுள்ள தென்னை, வாழைக்குப் பாய்ச்சலாம். இது குடிப்பதற்கு உகந்ததன்று.

தாங்கியில் சேரும் சேற்றைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பவுசர் மூலம் அகற்றாவிடின், திண்மங்கள் படுக்கைக்குள் சென்று சல்லியை அடைத்துவிடும்.

மாதிரி வினா: சுண்ணாம்புக்கற் பிரதேசத்தில் செப்ரிக் தாங்கி மட்டும் போதாமைக்கு இரு காரணங்கள் தருக.

விடைக் குறிப்பு: (அ) தாங்கியால் கிருமிகளும் அமோனியமும் முற்றாக நீக்கப்படுவதில்லை. (ஆ) பாறை வெடிப்புகளினூடாகக் கழிவுநீர் வடிக்கப்படாது நிலத்தடி நீரை அடைகின்றது.

விடையை மனனம் செய்யுமுன், உங்கள் வீட்டுக் கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையிலுள்ள தூரத்தை ஒருமுறை அளந்து பாருங்கள். பாடம் தானாகவே விளங்கும்.